பழைய அலமாரிக்குப் புது வண்ணம்



நிக்காஹ் செலவுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, அடி அண்ணாமலையிலிருந்து ஒரு தாய் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு நேரிலேயே வந்துவிட்டார். "வட்டிக்கு வாங்காதீங்கன்னு எழுதிட்டீங்க, சரி. மகளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு கண்ணாடி மேசை வேணும். கடைக்காரர் தவணையில தர்றேங்கிறார். கணக்குப் பார்த்தா அதுக்குள்ள வட்டிதான் இருக்கு. இப்ப நான் என்ன செய்யறது பாய்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வேண்டாம் என்று எழுதுவது சுலபம். அதற்குப் பதில் என்ன என்று சொல்வதுதான் கடினம். மனைவிக்கு வீடும் வீட்டுக்குத் தேவையானவையும் அமைத்துத் தருவது கணவனின் பொறுப்பு என்பதே மார்க்கச் சட்டம். அதை நம் ஜமாஅத்துகள் எத்தனை முறை சொன்னாலும் சீர் என்ற பெயரில் சாமான்கள் பெண் வீட்டிலிருந்துதான் போகின்றன. ஃபாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்தில் ஒரு போர்வை, ஒரு தோல் தண்ணீர்ப் பை, புல் திணித்த ஒரு தலையணை இவ்வளவுதான் இருந்தன என்று நஸாயீயில் அறிவிப்பு வருகிறது. அதை மேடையில் கேட்கும்போது கண் கலங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கியதும் பர்னிச்சர் கடை வாசலில் நிற்கிறோம்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நல்ல மரத்தில் செய்த பழைய சாமானை ரொக்கத்துக்கு வாங்கி, பழுது பார்த்து, வண்ணம் பூசுங்கள். தவணையில் வரும் தூள் பலகை அலமாரியின் அடிப்பகுதி, ஒரு மழைக்காலத்தில் தரை ஈரம் பட்டாலே ஊதிப்போகும். முப்பது வருடம் நின்ற மர அலமாரியோ இன்னும் முப்பது வருடம் நிற்கும். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நானே விழுந்திருக்கிறேன். ஆகவே இந்த இதழில் அதை ஒரு பாடமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பழசுக்கு வந்த மவுசு

பழைய மேசை நாற்காலிக்கு வெளிர் வண்ணம் அடித்து, ஓரங்களை லேசாகத் தேய்த்து, பல காலம் புழங்கியதுபோல் காட்டும் பாணிக்கு 'ஷாபி சிக்' என்று பெயர். 'ஷாபி' என்றால் நைந்துபோனது, 'சிக்' என்றால் நாகரிகமானது. ரேச்சல் ஆஷ்வெல் என்ற பெண்மணி 1989-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா மோனிகா என்ற ஊரில் இதே பெயரில் ஒரு கடை திறந்தார். பழைய சந்தைகளில் பொறுக்கிய சாமான்களைத் துடைத்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வண்ணம் பூசி விற்றார். அடுத்த ஆண்டே, 1990-ல், இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர் 'சாக் பெயிண்ட்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளப்பில்லாமல், சாக்பீஸ்போல மங்கலாகக் காயும் வண்ணம் அது. இந்த இரண்டும் சேர்ந்துதான் உலகம் முழுக்கப் பரவின.

நமக்கு இது புதிதல்ல. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பாகப் பிரிவினையாகி, பராமரிக்க ஆளில்லாமல் இடிக்கப்படும்போது அவற்றின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் அலமாரிகளும் அந்தத் தெருக் கடைகளுக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் தேடி வருகிறார்கள். நாம் கண்டுகொள்ளாமல் ஒதுக்கியதை அவர்கள் காசு கொடுத்து எடுத்துப்போகிறார்கள்.

பழைய சாமான் வியாபாரத்தை இழிவாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'காயலான் கடை' என்ற சொல்லே, காயல்பட்டினத்து முஸ்லிம்கள் அந்தத் தொழிலில் இருந்ததால் வந்தது என்று சொல்வார்கள். நம் முன்னோர் வெட்கப்படாமல் செய்த தொழில் இது. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், தம் ஆடையின் கிழிசலைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீண்விரயம் செய்வோரைக் குர்ஆன் (17:26, 27) எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

நம் பகுதியில் தேடுவதற்குக் காரைக்குடி வரை போக வேண்டியதில்லை. ரமணாசிரமம் பக்கமும் கிரிவலப் பாதையை ஒட்டியும் சில மாதங்கள் வாடகைக்குத் தங்கும் வெளிநாட்டவர்கள், வெயில் ஏறும் முன் ஊர் திரும்பும்போது மேசை, நாற்காலி, கட்டில், புத்தக அலமாரி எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகிறார்கள். திருவண்ணாமலை டவுனில் பழைய வீடு இடிக்கும் இடங்களிலும் நல்ல மரம் கிடைக்கும். ஒரு சிறு யோசனை: பௌர்ணமிக்கு முதல் நாளும் பௌர்ணமி அன்றும் சாமான் எடுக்கத் தேதி வைத்துவிடாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் டெம்போ உள்ளே வராது. நீங்களும் அலமாரியும் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான்.

என் தங்கை மகளின் அலமாரி

சில வருடங்களுக்கு முன் என் தங்கை மகளின் நிக்காஹுக்கு நான்தான் அலமாரி தருவதாக ஏற்றுக்கொண்டேன். இடித்த வீடு ஒன்றிலிருந்து நாட்டு மரத்தில் செய்த இரட்டைக் கதவு அலமாரி ஒன்று மலிவாகக் கிடைத்தது. பின்பக்கப் பலகையிலும் ஒரு காலிலும் குண்டூசி முனை அளவுக்குச் சிறு ஓட்டைகள் இருந்தன. பார்த்தேன். பார்க்காமல் இல்லை. நிக்காஹுக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஓட்டைகள்மேல் பட்டி பார்த்துத் தேய்த்து, இளம் பச்சையில் இரண்டு கோட் அடித்து அனுப்பிவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

ஐப்பசி மழை முடிந்ததும் மச்சான் போன் செய்தார். அலமாரியில் மடித்துவைத்த துணிகள்மேல் கோதுமை மாவுபோல் தூள் கொட்டியிருக்கிறது, நிக்காஹ் புடவையிலும்தான் என்றார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாமியார் மட்டும், "பெயிண்ட் நல்லா இருந்துச்சு" என்றாராம். அந்த ஒரு வார்த்தை போதாதா!

பிறகு நான் அழைத்துப்போய்க் காட்டிய ஆசாரி, பட்டியைச் சுரண்டியதும் சிரித்துவிட்டார். "பாய், உள்ளே இருக்கிற பூச்சிக்கு நீங்க கதவு அடைச்சு வீடு கட்டிக் கொடுத்திருக்கீங்க" என்றார்.

சந்தையில் ஒருவர் தானியத்தைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட, உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மழையில் நனைந்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். அந்த ஹதீஸை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பட்டிக் கத்தியைக் கையில் பிடித்திருந்தபோது ஏனோ நினைவுக்கு வரவில்லை. நான் விற்கவில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுத்தேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அன்பளிப்பு என்றால் ஈரத் தானியத்தை அடியில் வைக்கலாமா?

வண்ணம் பூசுவது மரத்தை அழகுபடுத்தவும் பாதுகாக்கவும்தான். கீறலும் தேய்மானமும் தெரிவதில் இந்தப் பாணிக்குக் கூச்சமே இல்லை. அதுதான் அதன் அழகு. உளுத்துப்போனதை மறைக்க அதே வண்ணத்தைப் பயன்படுத்தினால் அது வேறு வேலை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கூடவே ஒரு டார்ச்சும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துப்போங்கள். சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். கால்களின் அடி, பின்பக்கம், இழுப்பறையின் உள்ளோரம் மூன்றும்தான் உண்மையைச் சொல்லும். முன்பக்கத்தை விற்கிறவரே துடைத்து வைத்திருப்பார். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினால் பொதபொதவென்று உள்ளே போகிறதா? அது கரையான் தின்றது, விட்டுவிடுங்கள். சிறு ஓட்டைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. தூள் இல்லாமல் ஓட்டையின் உட்புறம் கறுத்துப் பழசாக இருந்தால் பெரும்பாலும் போய்விட்டது. எதற்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு மூன்று வாரம் வெளித் திண்ணையில் வையுங்கள். தாளில் தூள் விழுந்தால் தெரிந்துவிடும்.

பூச்சி இருந்து, மரம் மட்டும் நன்றாக இருந்தால், ஹார்ட்வேர் கடையில் மரத்துக்கென்றே விற்கும் பூச்சி மருந்தை ஊசிக்குழாயால் ஓட்டைக்குள் செலுத்தி, வெற்று மரத்தின்மேல் பிரஷ்ஷாலும் தடவ வேண்டும். கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். பல நாள் காயவிட்டு, மறுபடி தாள் வைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் பட்டி. அப்படி மருந்து போட்டதைத் தொட்டிலுக்கோ சமையலறைக்கோ பயன்படுத்த வேண்டாம்.

கட்டில் என்றால் மூட்டைப்பூச்சி. சட்டம் இணையும் இடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். பழைய மெத்தையை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

மரம் தேக்காகவோ தோதகத்தியாகவோ பலாவாகவோ இருந்தால், தயவுசெய்து அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். என் சொந்த அபிப்பிராயம்தான், ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன். அந்த மரத்தின் ரேகைக்கு ஈடான வண்ணம் எந்தக் கடையிலும் இல்லை. துடைத்து, தேய்த்து, அரக்குப் பாலிஷ் போடுங்கள். வண்ணம் எல்லாம் சாதாரண நாட்டு மரத்துக்கும், ரப்பர் மரத்துக்கும், பிளைவுட்டுக்கும்தான்.

நாற்காலி ஆடினால் ஆணி அடிப்பது நம் பழக்கம். ஆணி மரத்தைப் பிளந்துவிடும். ஆடும் இணைப்பைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிதாக ஃபெவிகால் தடவிச் சேர்த்து, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கி இறுக்குங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். கிளாம்ப் வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஈயம்: இதை மட்டுமாவது படியுங்கள்

பூச்சி துணியைத்தான் கெடுக்கும். பழைய பெயிண்டில் இருக்கும் ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்.

வண்ணம் பளிச்சென்று தெரியவும் சீக்கிரம் காயவும் எனாமல் பெயிண்ட்களில் ஈயச் சேர்மங்களைக் கலப்பது நீண்டகால வழக்கம். குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை வண்ணங்களில் அதிகம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விற்ற எனாமல்களைச் சோதித்தபோது பலவற்றில் ஆயிரக்கணக்கான பிபிஎம் ஈயம் இருந்தது. ஆகவே நீங்கள் வாங்கும் பழைய சாமானில் ஏற்கெனவே பெயிண்ட் இருந்தால், அதில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பெயிண்ட் சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்புத் தேய்க்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அந்தத் தூள் தரையில் படிகிறது. தவழும் குழந்தை தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. பல் முளைக்கும் குழந்தை தொட்டில் விளிம்பைக் கடிக்கிறது. ஈயம் உடலில் சேர்ந்தால் படிப்பு, கவனம், நடத்தை எல்லாம் பாதிக்கப்படும். வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாமலே இது நடக்கலாம். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்தால் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் போகும். இந்த வேலை நடக்கும் இடத்தில் கர்ப்பிணிப் பெண்களும் சிறு பிள்ளைகளும் இருக்கவே கூடாது.

அப்படியானால் எப்படிச் செய்வது? வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள். பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாக ஒட்டியிருந்தால் அதை முழுக்க எடுக்கவே வேண்டாம். சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, தண்ணீரில் தேய்க்கும் வாட்டர் பேப்பரால், ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு மேலோட்டமாகத் தேய்த்து, பளபளப்பை மட்டும் போக்குங்கள். வரும் சேற்றை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பிரைமர் அடித்து மூடிவிடுங்கள். மெஷின் வைத்துத் தேய்ப்பது, நெருப்புக் காட்டி உரிப்பது இரண்டும் கூடாது. சூட்டில் ஈயம் புகையாக மேலே வரும். என்-95 முகக்கவசம் போடுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது. முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். ஷீட்டையும் துணியையும் சேர்த்து மடித்துக் கட்டிப் பையில் போட்டுக் குப்பை வண்டியில் கொடுங்கள். கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம். உடுப்பை மாற்றி, குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் தினமும் நடப்பது: பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், உடைந்த நாற்காலிக் கால் எல்லாம் கடைசியில் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பெயிண்ட் பட்ட மரத்தை எரிக்காதீர்கள்.

பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும் சாமான் என்றால் வாங்காமல் விடுவதே நல்லது. தொட்டில், நடைவண்டி, குழந்தைக் கட்டில் இவற்றில் பழைய பெயிண்ட் இருந்தால், எத்தனை அழகாக இருந்தாலும், நன்னி காலத்துத் தொட்டில் என்று எத்தனை பாசம் இருந்தாலும், குழந்தையைப் போடாதீர்கள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

வண்ணம் பூசும் முறை

மழைக்காலம் முடிந்து தை, மாசி மாதங்களில் செய்தால் நன்றாகக் காயும். நேர் வெயிலில் வைத்து அடிக்காதீர்கள். பிரஷ் தடம் விழும்.

சாக் பெயிண்ட் டப்பா வாங்க வேண்டியதில்லை. ஒரு கப் மேட் எமல்ஷன் பெயிண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கப் சாக் பவுடர். முதலில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் தோசை மாவுபோல் கரைத்து, பிறகு பெயிண்டில் கலக்குங்கள். ஹார்ட்வேர் கடையில் சாக் பவுடர் என்றே கேளுங்கள். வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் போடும் சுண்ணாம்பு வேறு. அது கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். சாக் பவுடருக்குப் பதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போடுகிறவர்களும் உண்டு. அது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். பவுடர் எதுவானாலும் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

வெற்று மரத்துக்குப் பிரைமர் ஒரு கோட். பிறகு அடி வண்ணம்: காப்பிப்பொடி நிறம், சாம்பல் நீலம் இப்படி அழுத்தமாக ஒன்று. அது காய்ந்ததும் ஒரு சாதாரண மெழுகுவர்த்தியை எடுத்து, கைபட்டுத் தேயக்கூடிய இடங்களில் மட்டும் தேய்த்துவிடுங்கள். கதவு விளிம்பு, கைப்பிடியைச் சுற்றி, காலின் முனை, நாற்காலிச் சாய்வின் மேற்புறம். அதன்மேல் சந்தன வெள்ளை, இளம் பச்சை, வெளிர் நீலம் என மேல் வண்ணம் இரண்டு கோட். ஒரு இரவு காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் மெழுகு தேய்த்த இடங்களில் லேசாகத் தேய்த்தால், மேல் வண்ணம் உரிந்து அடி வண்ணம் எட்டிப் பார்க்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்த்தால் சொறி பிடித்ததுபோல் ஆகிவிடும். புழங்கினால் எங்கே தேயும் என்று யோசித்து, அங்கே மட்டும் தேய்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு முக்கியமான எச்சரிக்கை. உள்ளே பழைய பெயிண்ட் இருக்கும் சாமானில் இந்தத் தேய்க்கும் வேலையைச் செய்யவே கூடாது. பிரைமர் போட்டு மூடிய ஈயத்தை நாமே மறுபடி திறந்துவிடுகிறோம், அதுவும் பிள்ளைகள் கை படும் விளிம்பிலேயே! இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள் பலவற்றில் இதை யாரும் சொல்வதில்லை. அதே தோற்றம் வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. வெளிர் வண்ணம் அடித்து முடித்தபின், பிரஷ்ஷின் நுனியில் மட்டும் காப்பிப்பொடி நிறத்தைத் தொட்டு, பழந்துணியில் துடைத்து, ஏறக்குறைய வறண்டுபோன பிரஷ்ஷால் விளிம்புகளில் நீவிவிடுங்கள். தேய்ந்ததுபோலவே தெரியும், எதையும் உரிக்க வேண்டியதில்லை.

பூவேலை வேண்டுமானால் எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய அச்சு வைத்து ஸ்பாஞ்சால் ஒற்றலாம். இந்தப் பாணியில் வெளிநாட்டார் பறவை, குழந்தை உருவங்களை ஒட்டுவார்கள். நமக்குக் கொடியும் இலையும் நட்சத்திரக் கோலமும் இருக்கின்றன. பள்ளிவாசல் ஜன்னல்களைப் பார்த்தாலே பத்து மாதிரி கிடைக்கும்.

மேற்பூச்சு இல்லாவிட்டால் சாக் பெயிண்ட் அழுக்கை உறிஞ்சும். வெளிநாட்டில் தேன்மெழுகு தேய்ப்பார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மெழுகு இளகிப் பிசுபிசுக்கும் என்பது என் அனுபவம். தண்ணீரில் கலக்கும் நிறமற்ற வார்னிஷ் இரண்டு கோட் போதும். சாப்பாட்டு மேசைக்கு மூன்று. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

பூசி முடித்த அலமாரியில் உடனே துணி அடுக்க அவசரப்படக் கூடாது. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் முழுக்க இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் கனமாக எதையும் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நிக்காஹ் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்குகிறவர்கள் என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். இழுப்பறை ஓடும் கட்டைகளில் மெழுகுவர்த்தி தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். உயரமான அலமாரியை எல் வடிவக் கிளிப் வைத்துச் சுவரோடு கட்டாயம் பிணையுங்கள். பிள்ளைகள் இழுப்பறையைப் படியாக்கி ஏறுவார்கள்.

இரும்பு பீரோவுக்கு இந்த முறை சரிவராது. துருவை எடுத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து, ஈயமில்லாத எனாமல்தான் அடிக்க வேண்டும்.

விற்பதும் கொடுப்பதும்

கை பழகியவர்கள் இதையே தொழிலாகவும் செய்யலாம். வீட்டில் இருந்தபடி செய்ய நினைக்கும் சகோதரிகளுக்குப் பொருத்தமான வேலைதான், கனத்தைத் தூக்க ஒரு ஆள் இருந்தால். வியாபாரச் சரக்காக வாங்கி வைத்திருக்கும் சாமானுக்கு, நிஸாபும் ஆண்டும் நிறைந்தால் ஜகாத் உண்டு என்பதைக் கணக்கில் வையுங்கள்.

வண்ணத்தைத் தேய்த்துப் பழசுபோல் ஆக்குவது ஏமாற்று ஆகாதா என்று ஒரு இளைஞர் கேட்டார். அழகுக்குச் செய்கிறோம் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்தால் ஆகாது. போன மாதம் செய்த ஸ்டூலைத் தேய்த்து, 'நூறு வருஷத்துச் செட்டிநாட்டுச் சாமான்' என்று விற்றால் அது அப்பட்டமான மோசடி. விற்பவரும் வாங்குபவரும் குறையை மறைக்காமல் பேசிக்கொண்டால் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸின் கருத்து.

தர்மமாகத் தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் அறக்கட்டளைக்கு வரும் சாமான்களில் சில, குப்பை வண்டிக்காரரே எடுக்க மறுத்தவையாக இருக்கின்றன. தனக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்னும்படியான மட்டமானதை தர்மம் செய்யத் தேடாதீர்கள் என்ற கருத்து அல்பகராவின் 267-ஆம் வசனத்தில் இருக்கிறது. கால் ஆடுகிறது, ஒரு கண்ணாடி இல்லை என்பதெல்லாம் பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். பூச்சி இருந்தால், பழைய பெயிண்ட் இருந்தால், வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

தங்கை மகளின் அலமாரிக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தச் சாமான் என் கையை விட்டுப் போனாலும் கதவின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். அந்தத் தாயின் மகளுக்காக நாங்கள் சேர்ந்து செய்த அலமாரியின் சீட்டு இது: "வேப்ப மரம். பின்பலகை புது பிளைவுட். இடது முன் காலில் பழைய பூச்சி ஓட்டை இருந்தது, மருந்து போட்டு மூன்று வாரம் பார்த்தோம், தூள் இல்லை. முன்பு பெயிண்ட் அடிக்காதது. அடி வண்ணம் சாம்பல் நீலம், மேல் வண்ணம் சந்தன வெள்ளை, தண்ணீர் வார்னிஷ் இரண்டு கோட். இரண்டாவது இழுப்பறை மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகும்."

மாப்பிள்ளை வீட்டார் இதைப் படிப்பார்களே என்று முதலில் அந்தத் தாய் தயங்கினார். பிறகு அவரே பசையை எடுத்துவந்து ஒட்டினார்.